உப்புக்காற்றும் வயர் இல்லாத கேமராவும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்குக் கேமரா வாங்கப் போனால், கடையில் முதலில் காதில் விழும் யோசனை இதுதான்: "வயர்லெஸ்ஸே போட்டுருங்கண்ணே. வயர் இருந்தாத்தான உப்புக்காத்து அரிக்கும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏர்வாடியிலும் பாம்பனிலும் கேபிள் இழுத்துப் போட்ட பழைய கேமராக்கள் பச்சை பூத்து, துரு வழிந்து, சுவரில் பிணம்போலத் தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வயரே இல்லாவிட்டால் அரிக்க என்ன இருக்கிறது என்று மனசு உடனே சமாதானம் ஆகிவிடும். இந்த வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இரண்டாவது வருடம் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் வயர்லெஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை வைஃபை கேமராக்கள். அவற்றில் படம் மட்டும்தான் காற்றில் போகிறது. கரண்ட் வயரில்தான் வருகிறது. 12 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து கேமராவின் வாலாகத் தொங்கும் வயருக்கு ஒரு டிசி பின், அதாவது கரண்ட் கொடுக்கும் சின்ன உருளைச் செருகி. ஆக, நான்கு கேமரா போட்டால் நான்கு இடத்தில் வெட்டவெளியில் மின்சார இணைப்பு இருக்கிறது. உப்புக்காற்றுக்கு அந்த நான்கு இடம் போதும்.

வயரே இல்லாதது என்றால் பேட்டரியும் சோலார் பலகையும் சேர்ந்த வகை. அதை இந்தக் கரையில் வீட்டு வாசலுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அது எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் பதிவு தொடங்கும். பிஐஆர் பார்ப்பது மனித உடலுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. சித்திரை, வைகாசியில் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிட்டால் அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. ஆள் நடந்துபோனாலும் சென்சார் அசையாது. நேராகக் கேமராவை நோக்கி வருகிறவரைவிடக் குறுக்கே கடந்து போகிறவரைத்தான் பிஐஆர் நன்றாகப் பிடிக்கும் என்பது அடுத்த தொல்லை. திருட வருகிறவர் வாசலை நோக்கி நேராகத்தானே வருவார்? லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் சரியாகச் செய்யப்பட்ட கேமராக்கள் உச்சி வெயிலில் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். சோலாருக்கு வெயில் கிடைக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறாது என்பது நம் ஊருக்கென்றே வாய்த்த கூத்து. கரண்ட் இல்லாத தென்னந்தோப்புக் கேட்டுக்கோ, இறால் பண்ணை வரப்புக்கோ வேறு வழியில்லை என்றால் போடலாம். அங்கேயும் பலகையைக் கேமராவோடு ஒட்டாமல் தனியாகத் தெற்கு பார்த்துச் சாய்த்து, கேமராவை நிழலில் வைக்க வேண்டும்.

சிம் போடும் 4ஜி கேமராவுக்குக் கணக்கு ஒன்றே ஒன்று. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பதிவு முழுக்க உள்ளே இருக்கும் மெமரி கார்டில் நடக்க வேண்டும். அலாரம் வரும்போது மட்டும் போனில் திறந்து பார்க்க வேண்டும். அப்படிப் பழகிக்கொள்ள முடியும் என்றால் நல்ல சாமான்தான்.

இரவில் மட்டும் விழும் கேமரா

கடலுக்குப் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. பகலெல்லாம் படம் கண்ணாடிபோல இருக்கும். அந்தி மஃரிப் பாங்கு சொல்லி அரை மணி நேரத்தில் கேமரா ஆஃப்லைன். ஐந்து நிமிடத்தில் தானே வரும், மறுபடி போகும். விடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும். ஆப்பில் "நெட்வொர்க் இல்லை" என்றுதான் காட்டும். அதனால் எல்லோரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள். ரவுட்டரை மாற்றுவார்கள், எக்ஸ்டெண்டர் வாங்குவார்கள், கடைசியில் கேமராவையே மாற்றுவார்கள். புதுக் கேமரா நாலு மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு அதே கதை.

பகலுக்கும் இரவுக்கும் கேமராவைப் பொறுத்தவரை ஒரே வித்தியாசம்தான்: இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிக்கள் எரிகின்றன, அது இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. டிசி பின்னில் உப்பு ஏறித் தடை கூடியிருந்தால், பகல் கரண்டுக்கு அது போதும், இரவு கரண்டுக்குப் போதாது. வோல்டேஜ் சரிகிறது, கேமரா அணைந்து மறுபடி எழுகிறது, எழுந்ததும் எல்இடி எரிகிறது, மறுபடி சரிகிறது. வைஃபைக்கு இதில் பங்கே இல்லை.

அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். ஆண் பின்னின் வெளிச்சுற்றில் வெள்ளை உப்புப் பொடி, நடுவில் பச்சைக் களிம்பு, திருகிய இடத்தில் செம்புக் கம்பி கறுத்து, தொட்டால் உதிரும். கேபிளை இரண்டு அங்குலம் சீவினால் உள்ளேயும் கறுப்பு ஏறியிருக்கும். ஈரம் கம்பி இழைகளுக்கு நடுவே உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது. ஏசி லைனைவிட இது ஏன் சீக்கிரம் நடக்கிறது என்றால், இது டிசி. உப்பு ஈரப் படலம், அதன் இரு பக்கம் 12 வோல்ட். எப்போதும் ஒரே திசையில் அழுத்தம் இருப்பதால் பாசிட்டிவ் பக்க உலோகம் கரைந்துகொண்டே இருக்கும். முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்றே செய்யும் அதே வேலை, உங்கள் வாசல் சுவரில் கேட்காமலே நடக்கிறது. மழை பெய்ய வேண்டியதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகள் அந்த அளவைத் தாண்டுபவைதான். இரவெல்லாம் நனைகிறது, பகலில் காய்கிறது, அடுத்த இரவு மறுபடி.

ஆகவே புகார் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர். இருட்டிய பிறகு, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்து முனையில் அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் 12 காட்டும், ஏமாந்துபோவோம். ஓடும்போது 11-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை, 10.5-க்குக் கீழே போனால் இணைப்பிலோ வயரிலோதான் கோளாறு.

வயர் தடிமனும் இதில் சேரும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடினால் போக வர 40 மீட்டர், தடை 1.4 ஓம் அளவுக்கு வரும். ஒரு ஆம்பியர் இழுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேமராவுக்கென்று விற்கும் மலிவான 3+1 கேபிள்களில் கம்பி செம்பே இல்லை, செம்பு பூசிய அலுமினியம். தடையும் கூடுதல், பூச்சு விட்ட இடத்தில் அரிப்பும் கூடுதல். சீவிய முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். யுஎஸ்பி சார்ஜரில் ஓடும் 5 வோல்ட் கேமராவை நீள வயரில் வெளியே கொண்டுபோவதை மறந்துவிடலாம். அங்கே 1 வோல்ட் குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

சரிசெய்யும் முறை பெரிய வித்தை இல்லை. அடாப்டர் எப்போதும் வீட்டுக்குள். வெளியே வருவது ஒரே துண்டாக, நடுவில் ஒட்டுப் போடாத வயர். சுவரில் போட்ட துளை உள்ளிருந்து வெளியே தாழ்வாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் வயர் வழியாகச் சுவருக்குள் வரும். கேமராவுக்குப் பின்னால் 4 அங்குல பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், வயர் நுழையும் இடத்தில் கீழ்ப்பக்கமாக, வயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட். நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். டிசி பின்னை நம்பாமல் வயரையே பற்றவைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுவது நல்லது. கேமராவின் வாலை வெட்டினால் வாரண்டி போகும் என்று தயங்குகிறவர்கள் பின்னுக்குள் ஈரத்தைத் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் அடைத்துச் செருகி, மேலே தானே தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றலாம். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டு நழுவிவிடும்.

சிலிக்கான் அடைக்கும்போது ஒரு சங்கதி. ஹார்டுவேர் கடையில் கேட்டதும் கையில் கொடுப்பது பெரும்பாலும் புளித்த காடி வாடை அடிக்கும் வகை. அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். செம்பு இணைப்பை அதற்குள் புதைத்தால் உப்பு செய்ய வேண்டியதை நாமே செய்து முடித்ததாகும். நியூட்ரல் க்யூர் என்று டியூபில் எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, பாக்ஸின் அடியில் ஒரு சின்ன ஓட்டையை அடைக்காமல் விட வேண்டும். நாலு பக்கமும் பூசி மெழுகிய பெட்டிக்குள் பகல் சூட்டில் காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றை உறிஞ்சும். உள்ளே போனது வெளியே வர வழி வேண்டும்.

தென்கடலா, வடகடலா

ஐபி66, ஐபி67 என்ற எண்களைப் பார்த்துக் கடலோரத்துக்கு ஏற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த எண்கள் தூசியையும் தண்ணீரையும் பற்றி மட்டுமே பேசுகின்றன. உப்பு அரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு உப்புத்தூறல் சோதனை என்று தனியாக இருக்கிறது. வீட்டுக் கேமராக்களில் அதைச் செய்ததாகப் போட்டிருப்பது அரிது. அதனால் உடல் எதில் செய்யப்பட்டது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. கடைக்காரர்கள் மெட்டல் பாடி என்றால் உசத்தி என்பார்கள். கடலைப் பார்த்த சுவரில் நான் பிளாஸ்டிக் பாடியைத்தான் சொல்வேன். அலுமினிய உடலில் திருகு போன இடத்தில் பெயின்ட் பெயர்ந்தால், இரும்புத் திருகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அங்கே பொடியாகப் பூக்கும். கேமராவோடு வரும் திருகுகளைக் குப்பையில் போட்டுவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு வாங்குங்கள். வழக்கமான 304 ரகத்தைவிட விலை கூடுதல். அதில் சேரும் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, கடைக்காரரை நம்ப வேண்டியதுதான். புதிய பாம்பன் ரயில் பாலத்திலேயே ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால், இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேறென்ன வேண்டும்?

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், ராமேஸ்வரம் தீவின் தென்கரை, இங்கெல்லாம் வைகாசியிலிருந்து தென்மேற்குக் காற்றுதான் உப்பை அள்ளி வீசும். தொண்டி, தேவிபட்டினம், தீவின் வடகரை என்றால் ஐப்பசிக்கு மேல் வாடை. கடல் பக்கத்துக் கேமரா கடலையே முறைத்துப் பார்த்தால் லென்ஸில் நேராக உப்பு விழும். வீட்டு மூலையில் மாட்டி, சுவரை ஒட்டிப் பக்கவாட்டாகப் பார்க்க வைத்தால் அதே வாசலும் தெரியும், உப்பும் குறையும். சன்ஷேடுக்கு அடியில் என்றால் இன்னும் நல்லது.

லென்ஸில் உப்புப் படலம் சேர்ந்தால் பகலில் தெரியாது. இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறி, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகும். கண்ணாடி மூடி போட்ட டோம் வகையில் எல்இடியும் லென்ஸும் ஒரே மூடிக்குள் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை மிக அதிகம். குழாய் வடிவப் புல்லட் வகையோ, எல்இடி தனியாகவும் லென்ஸ் தனியாகவும் உள்ள உருண்டையான ஐபால் வகையோ எடுப்பது மேல். சிலந்திவலைக்கும் இதே விதிதான். இரவில் வெள்ளை விளக்கு போட்டுக் கலரில் காட்டும் கேமராக்கள் இப்போது மலிந்துவிட்டன. அந்த விளக்கு பூச்சிகளைக் கூட்டும். அதோடு, மணற்கரையை ஒட்டிய வீடுகளில் அதை அணைத்து வைப்பதே முறை. தனுஷ்கோடிக் கரையில் வனத்துறை ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கிறது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கின்றன. மனிதனைக் கண்டால் மட்டும் எரியும்படி செட்டிங்கில் மாற்றலாம்.

சுவர், சிக்னல், எம்பி

கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவிலிருந்து கொல்லைவரை ரயில் பெட்டிகள் மாதிரி நீளம். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கனத்த சுவர்கள் வேறு. ரவுட்டர் மாடியில் மகன் அறையில் இருக்கும், கேமரா தலைவாசலில் இருக்கும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: வைஃபை அளக்கும் இலவச ஆப்பைப் போனில் போட்டு, போனை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்து, கேமரா வரப்போகும் இடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) என்றால் கவலையில்லை. மைனஸ் 75 என்றால் பகலில் ஓடி, பக்கத்து வீட்டு ரவுட்டர்களெல்லாம் விழிக்கும் மாலையில் திணறும். அதற்கு எக்ஸ்டெண்டரைவிட, ஒரே ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளை வீட்டுக்குள்ளேயே இழுத்து முன்னறையில் வைஃபை பரப்பும் இன்னொரு அக்சஸ் பாயிண்ட் வைப்பது நிரந்தரத் தீர்வு. வீட்டுக்குள் ஓடும் கேபிளை உப்பு அவ்வளவாகத் தொடாது. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பல கேமராக்கள் முதல் இணைப்பிலேயே முரண்டு பிடிக்கும். பெயரைப் பிரித்து, சேனலை 1, 6, 11-இல் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

எம்பி (மெகாபிக்சல்) கணக்கில் ஏமாற வேண்டாம். தெரியாத முகத்தை அடையாளம் சொல்ல, அந்த இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சிசிடிவித் துறையின் அளவுகோல். 2 எம்பி கேமராவின் அகலம் 1920 பிக்சல். அகலமாகக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸில் அது 3 மீட்டர் சொச்சத்தோடு முடிந்துவிடும். 4 எம்பி ஆனாலும் 4 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கேட் 7 மீட்டர் தள்ளி இருந்தால் எம்பியை ஏற்றுவதைவிட 6 மி.மீ. லென்ஸ் உள்ளதை எடுங்கள். பத்தடி உயரத்தில் மாட்டினால் தலைப்பாகையும் தொப்பியும்தான் கிடைக்கும், எட்டடி போதும்.

கார்டு விஷயம் சுருக்கமாக: 2 மெகாபிட் பதிவுக்கு 128 ஜிபி கார்டு ஐந்து, ஆறு நாள் வரும். ஹை எண்டூரன்ஸ் என்று போட்ட கார்டே வேண்டும். சாதாரணக் கார்டு தேய்ந்ததும் சத்தமில்லாமல் எழுதுவதை நிறுத்திவிடும். நேரலை மட்டும் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. நாலு கேமரா என்றால் கார்டை விட்டுவிட்டு, எல்லாப் பதிவையும் ஒரே பெட்டியில் சேமிக்கும் என்விஆரை 1 டிபி ஹார்டு டிஸ்க்கோடு பாருங்கள், பதினோரு நாள் சொச்சம் தங்கும். கேமராவை எடுத்துக்கொண்டே திருடன் போனாலும் பதிவு உள்ளே இருக்கும்.

கரண்ட் போனால் கேமராவும் போகும், கூடவே ரவுட்டரும் போகும். 8800 எம்ஏஎச் என்று விற்கும் சின்ன டிசி யுபிஎஸ்ஸில் அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது, 12 வோல்ட்டுக்கு அல்ல. அதாவது 32 வாட் மணி. இழப்பு போக 27 என்று வையுங்கள். 9 வாட் ரவுட்டருக்கு மூன்று மணி நேரம். அதிலேயே ஒரு கேமராவையும் கோத்துவிட்டால் இரண்டு மணி நேரத்தைத் தொடுவதே பெரிது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அடாப்டர்களை அந்த லைனுக்கே கொடுத்துவிடலாம்.

வாங்கும்போது பெட்டியில் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணைப் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகள் கட்டாயம். அந்தத் தேதிக்கு முந்தைய சரக்கைத் தள்ளிவிடும் சலுகை விலைகளில் மயங்க வேண்டாம். வீட்டுக்காரர் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிறார் என்றால், சில ஆப்களில் இந்தியக் கணக்கில் சேர்த்த கேமராவை வேறு நாட்டுக் கணக்கோடு பகிர முடியாது. அவர் ஊருக்கு வந்திருக்கும்போதே கணக்கைத் தொடங்கி, இரண்டு போனிலும் பார்த்துவிட வேண்டும். ரவுட்டரில் கேமராக்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுவது, இதெல்லாம் பத்து நிமிட வேலை.

பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் சாவி வைத்திருக்கும் மச்சானிடமோ சின்னம்மாவிடமோ மாதம் ஒருமுறை ஒரு வேலை ஒப்படைக்க வேண்டியிருக்கும். காய்ந்த துணியால் லென்ஸைத் துடைக்கக் கூடாது, உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஒரு சொம்பு நல்ல தண்ணியை மெல்ல ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும், பிறகு மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். போர் தண்ணி கூடாது. அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்று. கார்டில் மூன்று நாள் பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பது ராத்திரிப் பதிவாக இருக்கட்டும்.